ஐரிஷ் குடியேறிகளின் திருமணங்களைப் பழைய செய்தித்தாள் அறிவிப்புகளில் தேடுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: 1870களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் மேற்குக் கரையோரம் திருமணம் செய்துகொண்ட ஓர் ஐரிஷ் தம்பதியின் பெயர்களும் திருமண ஆண்டும் தெரியும், மணமகள் ‘டிப்பரெரிப் பக்கம்’ (டிப்பரெரி அயர்லாந்தின் ஒரு கவுண்டி, அதாவது மாவட்டம்) என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள், இவற்றைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதபோது, அக்காலச் செய்தித்தாள்களில் வெளிவந்த திருமண அறிவிப்புகளைக் கொண்டு, அவர்கள் அயர்லாந்தில் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயம் முடியும். ஆனால் தேடத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடல் கடந்து போனவர்கள் காசு கொடுத்துத் திருமணச் செய்தியை அச்சிட்டதற்குக் காரணம் அக்கம்பக்கத்தார் அல்லர். அவர்கள் விருந்துக்கே வந்திருப்பார்கள். ஊரில் விட்டுவந்த தாய் தகப்பனுக்கும், வேறு வேறு நாடுகளுக்குச் சிதறிப்போன உடன்பிறப்புகளுக்கும் போய்ச்சேர வேண்டிய தகவல் அது. ஆகவே யார் யாரை மணந்தார் என்பதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாமல், அந்த அறிவிப்பு யார் கண்ணில் பட வேண்டும் என்று எழுதப்பட்டது என்பதைத் துருவிப் பார்த்தால்தான் ஊர் கிடைக்கும். கீழே நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவையே.

அரசுப் பதிவேடுகள் இருக்கும்போது செய்தித்தாளை ஏன் நாட வேண்டும் என்று தோன்றலாம். அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 ஏப்ரல் 1 முதல்தான் அரசுப் பதிவுக்கு வந்தன. மக்களில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கரின் திருமணங்கள் 1864 சனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தையவற்றுக்குத் திருச்சபைப் பதிவேடுகளே கதி. அவற்றிலும், அயர்லாந்துத் திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பங்குகளில் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களில்) பாதிக்கு மேற்பட்டவை தங்கள் பழைய பதிவேடுகளை 1922 ஜூன் 30 அன்று இழந்துவிட்டன. உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்த நாள் அது. திருமண உரிமம் பெறுவதற்காக எழுதிக் கொடுக்கப்பட்ட பத்திரங்களும் அதே தீயில் போயின. அவற்றின் அட்டவணைகள் மட்டும் பிழைத்தன. கத்தோலிக்கப் பதிவேடுகள் பங்குகளிலேயே இருந்ததால் அந்தத் தீக்குத் தப்பின. எனினும் மேற்கு மாவட்டங்களின் நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் அவை 1820களுக்குப் பிறகே தொடங்குகின்றன. ‘எல்லாமே எரிந்துபோயிற்று’ என்று கையை விரிப்பது மிகை. ஆனால் ஓட்டைகள் பெரியவை, அவற்றில் சிலவற்றை அடைக்கச் செய்தித்தாளைத் தவிர வேறு வழியில்லை.

செய்தித்தாள் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பெல்பாஸ்ட் நியூஸ்லெட்டர் 1737இலும், டப்ளினின் ஃப்ரீமன்ஸ் ஜர்னல் 1763இலும் தொடங்கிவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் இவற்றில் வந்த திருமணச் செய்திகள் நிலக்கிழார், வணிகர், வழக்கறிஞர், படை அதிகாரி, போதகர் ஆகியோருடையவை. அவற்றிலும் மணமகளின் முதற்பெயர் இருக்காது. ‘செல்வி மர்ஃபி, நற்குணமுள்ள இளம்பெண், இத்தனை ஆயிரம் பவுண்டு சீருடன்’ என்ற தோரணையில், இன்றைய வரன் விளம்பரத்துக்கும் திருமணச் செய்திக்கும் இடைப்பட்ட ஒன்றாக அவை இருக்கும். குத்தகை விவசாயியோ கூலியாளோ அந்தப் பத்திகளில் இடம்பெறுவது அரிது. விளம்பரங்களுக்கான வரி 1853இலும் செய்தித்தாள் முத்திரை வரி 1855இலும் நீக்கப்பட்ட பிறகே இதழ்கள் மலிந்தன. கடைக்காரர், கைவினைஞர், ஓரளவு வசதியான விவசாயி ஆகியோரின் வீட்டு விசேஷங்களும் அச்சேறத் தொடங்கின. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களில் மிகப் பலர் இந்த மாற்றத்துக்கு முன்பே கப்பல் ஏறிவிட்டவர்கள்; ஊரில் நடந்த அவர்களுடைய திருமணத்தை ஊர்ச் செய்தித்தாளில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

போன நாட்டில் நிலைமை வேறு. பஞ்சத்துக்குப் பிந்தைய ஐரிஷ் குடியேற்றத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் மணமாகாமல் தனியாகப் போனவர்கள். அவர்களுடைய திருமணங்கள் பாஸ்டனிலும் மெல்போர்னிலும் டுனெடினிலும்தான் நடந்தன. ஊரில் இருந்திருந்தால் செய்தித்தாள் பக்கமே போயிராத குடும்பத்தின் பெண், கடல் கடந்து வந்தபின் சில ஷில்லிங் கொடுத்து அறிவிப்பு வெளியிடுகிறாள், ஏனென்றால் அந்த இதழின் ஒரு பிரதியைத் தபாலில் போட்டால் ஊரே படிக்கும். குடியேற்ற நாடுகளின் பத்திகளில் சுரங்கத் தொழிலாளியும் வண்டிக்காரரும் மதுக்கடைக்காரரும் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

கேட்டவரின் தம்பதி நியூசிலாந்தில் மணந்தவர்கள் என்பது இன்னொரு வகையில் முக்கியமானது. 1880க்கு முந்தைய நியூசிலாந்துத் திருமணப் பதிவில் பெற்றோர் பெயரோ பிறந்த ஊரோ இராது. சான்றிதழுக்குப் பணம் கட்டி வாங்கினாலும் வயது, தொழில், நடத்திவைத்தவர் பெயர் ஆகியவற்றைத் தாண்டி அதிகம் தேறாது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலோ 1853 முதலே இருதரப்புப் பெற்றோரின் பெயர்களும் பிறந்த இடமும் பதியப்பட்டன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இது சற்று நேரத்தில் கைகொடுக்கும்.

இப்போது ஓர் அறிவிப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். இது உண்மையான எவருடையதும் அன்று. 1870களின் அறிவிப்புகள் இருக்கும் வார்ப்பில் நான் கோத்தது. “ஏப்ரல் 14ஆம் நாள், ஹொகிடிகா கத்தோலிக்க ஆலயத்தில், அருட்தந்தை இன்னாரால், கிளேர் கவுண்டி கில்ரஷ் ஊர் காலஞ்சென்ற இன்னாரின் இரண்டாம் மகன் இன்னாருக்கும், டிப்பரெரி கவுண்டி நீனா ஊர் விவசாயி இன்னாரின் மூன்றாம் மகளும் பாலராட் இன்னாருடைய மனைவியின் தங்கையுமான இன்னாருக்கும் திருமணம் நடந்தேறியது. மெல்போர்ன், டிப்பரெரி, நியூயார்க் நாளிதழ்கள் இதை எடுத்து வெளியிட வேண்டுகிறோம்.” நான்கு வரிதான். ஆனால் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு கதவு.

முதலில் ஆலயமும் குருவின் பெயரும். எந்தச் சபை என்பது தெரிந்துவிட்டால் எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றின் திருமணப் பதிவேட்டில், அரசுப் பதிவில் இல்லாத பெற்றோர் பெயர்கள் இருப்பதுண்டு. திருமணம் ஆலயத்தில் நடக்காமல் ‘மணமகளின் அத்தான் இல்லத்தில்’ நடந்ததாக இருந்தால், அந்த வீடு பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்துடன், மணமாகி முன்பே வந்துவிட்ட ஓர் அக்காவின் புதிய குடும்பப் பெயரும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. இதை வைத்து அயர்லாந்துத் திருமணங்களுக்கும் அதே விதியைப் போட்டுவிடக் கூடாது. அங்கே கத்தோலிக்கரும் நெடுங்காலம் வீடுகளில்தான் திருமணத்தை நடத்தினர். 1850இல் கூடிய தர்ல்ஸ் ஆயர் மாமன்றம் திருமணம் முதலான திருவருட்சாதனச் சடங்குகளை ஆலயத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்திய பிறகே அது படிப்படியாக மாறியது.

அடுத்து, மணமகனின் தந்தைக்கு முன் நிற்கும் ‘காலஞ்சென்ற’. அவர் 1864க்குப் பின் இறந்திருந்தால் அவருடைய மரணம் ஐரிஷ் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மணமகளின் தந்தைக்கு அந்த அடைமொழி இல்லை என்பதால் அவர் உயிரோடு இருந்தார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இறப்புச் செய்தி அப்போது நடுக்கடலில் வந்துகொண்டிருந்திருக்கலாம். ‘மூன்றாம் மகள்’ என்பதும் அப்படித்தான். பிறப்பு வரிசையைச் சோதித்துப் பார்க்க அது அருமையான உரைகல், ஆனால் குழந்தையிலேயே இறந்தவர்களைச் சில குடும்பங்கள் கணக்கில் சேர்த்தன, சில சேர்க்கவில்லை. திருமுழுக்கு (ஞானஸ்நானப்) பதிவேட்டில் அவள் நான்காவதாக நின்றால், இது வேறு குடும்பம் என்று ஒதுக்குமுன் ஒரு குழந்தை இறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

‘நீனா’ என்ற ஊர்ப்பெயரைக் கண்டதும் மகிழ்ச்சி பொங்கும், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவான டவுன்லாண்டுகள் 60,000-க்கும் மேல் உண்டு. உண்மையான வீடு அவற்றில் ஒன்றில் இருந்திருக்கும். ஆனால் வெளிநாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால், பக்கத்துச் சந்தை நகரத்தின் பெயரையோ தபால் ஊரின் பெயரையோ சொல்லிவிடுவார்கள். நீனா என்றால் நீனாவைச் சுற்றியுள்ள பங்குகள் எல்லாவற்றையும் சலிக்க வேண்டும் என்று பொருள் கொள்வதே பாதுகாப்பு. ஊர்ப்பெயர்கள் மாறியதையும் கணக்கில் எடுங்கள்: குயின்ஸ் கவுண்டி இன்றைய லீஷ், கிங்ஸ் கவுண்டி இன்றைய ஆஃபலி, குயின்ஸ்டவுன் இன்றைய கோவ், பார்சன்ஸ்டவுன் இன்றைய பர். ஐரிஷ் அரசின் இடப்பெயர்த் தரவுதளமான லோகெய்ன்ம் இவற்றைச் சரிபார்க்கப் போதுமானது.

அடுத்த சொற்றொடர்தான் இந்த அறிவிப்பின் பொக்கிஷம்: ‘பாலராட் இன்னாருடைய மனைவியின் தங்கை’. பாலராட் இருப்பது விக்டோரியாவில். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் 1864-65இல் தங்கம் கிடைத்தபோது அங்கே குவிந்த ஐரிஷ் மக்களில் பெருந்தொகையினர் விக்டோரியத் தங்கவயல்கள் வழியாக வந்தவர்களே. அங்கேயே தங்கிவிட்ட அக்காக்களும் அண்ணன்மார்களும் அவர்களுக்கு இருந்தார்கள். மேலே சொன்னபடி, அக்காவின் திருமணம் விக்டோரியாவில் நடந்திருந்தால் அவளுடைய சான்றிதழில் தாய் தந்தையர் இருவரின் பெயரும், தாயின் பிறந்தவீட்டுப் பெயரும், அவள் பிறந்த இடமும் இருக்கும். தங்கையின் ஊரை அக்காவின் சான்றிதழ் சொல்லிவிடும். மரபுவழித் தேடலில் நேர் மூதாதையரை மட்டும் துரத்துபவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். உடன்பிறப்புகளைப் பக்கவாட்டில் தேடுகிறவர்களுக்கு வழி திறந்துவிடுகிறது.

கடைசி வரி, பிற இதழ்களும் இதை எடுத்து வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை. பலர் இதைச் சம்பிரதாயம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். நான் முதலில் படிப்பதே இதைத்தான். மெல்போர்ன் அக்காவுக்காக, டிப்பரெரி பெற்றோருக்காக, அப்படியானால் நியூயார்க் யாருக்காக? அங்கே ஒரு சகோதரன் இருந்திருக்க வேண்டும், அல்லது ஒரு சிற்றப்பன். அவனுடைய மரண அறிவிப்பிலோ கல்லறைக் கல்லிலோ பங்கின் பெயர் வரை இருக்கக்கூடும். அறிவிப்பில் ஊர்ப்பெயரே இல்லாமல் ‘டிப்பரெரி நாளிதழ்கள்’ என்று மட்டும் இருந்தாலும் குடும்பச் செவிவழிச் செய்திக்கு அது ஆதாரமாகிறது. இதழின் பெயரையே குறிப்பிட்டிருந்தால் வட்டம் இன்னும் சுருங்கும்: டிப்பரெரி கவுண்டி 1838இல் வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக்கப்பட்டது, நீனா கார்டியன் வடக்கின் இதழ், டிப்பரெரி ஃப்ரீ பிரஸ் தெற்கே குளொன்மெல்லிலிருந்து வந்தது.

கோரிக்கையை எல்லா ஆசிரியர்களும் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றியிருந்தால் அந்த மறுபதிப்பில் முதல் அறிவிப்பில் இல்லாத ஒரு விவரம் சேர்ந்திருக்கலாம், ஏனென்றால் ஊரில் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பெரும்பாலும் குடும்பத்தாரே. அவர்கள் டவுன்லாண்டின் பெயரைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். எனவே ஊர் இதழிலும் தேட வேண்டும். ஆனால் எந்த மாதத்தில்? 1850களில் மெல்போர்னிலிருந்து பாய்மரக் கப்பல் தபால் வந்துசேர மூன்று மாதம் வரை பிடித்தது. நீராவிக் கப்பல்களும் 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயும் அதை வெகுவாகக் குறைத்தன. திருமணத்துக்குப் பின் ஆறு வாரத்திலிருந்து ஐந்து மாதம் வரை பார்ப்பது நல்லது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அக்கால இதழ்கள் நடப்பு மாதத்தை ‘இன்ஸ்ட்.’ என்றும் கடந்த மாதத்தை ‘அல்ட்.’ என்றும் சுருக்கி எழுதும். மறுபதிப்பு செய்த ஆசிரியர் அந்தச் சுருக்கத்தை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டிருந்தால், ஏப்ரல் திருமணம் ஜூலைத் திருமணமாகிவிடும். கடல் கடந்த செய்தியில் இந்தச் சுருக்கங்களைக் கண்டால் தேதியை நம்பாமல் மூல இதழைத் தேடுங்கள்.

எங்கே தேடுவது என்பதற்கு இன்று பதில் எளிது. நியூசிலாந்து தேசிய நூலகத்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் இரண்டும் கட்டணமற்றவை. முதலாவதில் ஹொகிடிகாவின் வெஸ்ட் கோஸ்ட் டைம்ஸ், கிரேமவுத்தின் கிரே ரிவர் ஆர்கஸ், டுனெடினின் ஒடாகோ டெய்லி டைம்ஸ் ஆகியவற்றுடன், ஆயர் பேட்ரிக் மொரான் 1873இல் தொடங்கிய கத்தோலிக்க வார இதழான நியூசிலாந்து டேப்ளட்டும் உண்டு. ட்ரோவில் மெல்போர்னின் ஆர்கஸும், 1850இல் தொடங்கிய சிட்னி ஃப்ரீமன்ஸ் ஜர்னலும், மெல்போர்ன் ஐரிஷ் கத்தோலிக்கரின் அட்வகேட்டும் கிடைக்கும். அயர்லாந்து இதழ்களுக்கு ஐரிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ஸ், பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் ஆகிய இரண்டும் சந்தா கேட்பவை. இவ்விரண்டிலும் உள்ள இதழ்கள் ஒன்றல்ல என்பதால், சந்தா கட்டுமுன் உங்களுக்கு வேண்டிய ஊரின் இதழ், வேண்டிய ஆண்டுகளோடு எதில் இருக்கிறது என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். 1820களுக்கு முந்தைய மன்ஸ்டர் பகுதிக்கு (அயர்லாந்தின் தென் மாகாணம்) ரோஸ்மேரி ஃபோலியட் தொகுத்த அட்டவணைகளும், பெல்பாஸ்ட் வட்டாரத்துக்கு லினன் ஹால் நூலகத்தின் அட்டைகளும் இன்றும் கணினித் தேடலைவிட நம்பகமானவை. மங்கிய அச்சை மனிதக் கண் படித்துத் தயாரித்தவை அல்லவா!

கணினித் தேடலின் குறை அதுதான். பழைய அச்சைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் குடும்பப் பெயர்களில்தான் அதிகம் இடறும். சொல் பட்டியலில் இல்லாத பெயர், தேய்ந்த அச்செழுத்து, மடிந்த தாள் எல்லாம் சேர்ந்து ரைலி போன்ற பெயரை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். அதனால் பெயரை மட்டும் நம்பாமல், எழுத்துணரிக்கு எளிதான பொதுச் சொற்களைத் தேடுவது பலன் தரும்: ‘டிப்பரெரி’ என்ற சொல்லையும் ‘பிளீஸ் காப்பி’ (‘எடுத்து வெளியிட வேண்டுகிறோம்’ என்பதன் ஆங்கிலம்) என்ற தொடரையும் சேர்த்து, திருமணம் நடந்த ஆண்டு, அவ்வட்டார இதழ்கள் என்று எல்லை போட்டுத் தேடினால் வந்து விழுபவை சில டஜன் அறிவிப்புகளாகவே இருக்கும், அவற்றைக் கண்ணால் படித்துவிடலாம். திருமண நாள் ஏற்கெனவே தெரிந்திருந்தால் தேடலையே விட்டுவிட்டு, அடுத்த ஆறு வார இதழ்களின் முதல் பக்கத்தையோ, பிறப்பு–திருமணம்–இறப்புப் பத்தி வழக்கமாக வரும் பக்கத்தையோ ஒவ்வொன்றாகப் புரட்டுவது அலுப்பான வேலைதான், ஆனாலும் அதுவே உறுதியானது.

பெயர்களின் வேறுபாடுகளையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஓ’ என்ற முன்னொட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உதிர்ந்து கிடந்து, அதன் இறுதியில் தேசிய உணர்ச்சி ஓங்கியபோது திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே 1872இல் கானர் என்றும் 1900இல் ஓ’கானர் என்றும் இருப்பவர் ஒருவரே. பெண்களின் முதற்பெயர் இன்னும் வழுக்கும்: பிரிஜெட் என்பவள் டீலியா, பெடீலியா, பிடி என்றெல்லாம் வருவாள், ஹனோரா என்பவள் நோராவாகவோ ஜோஹானாவாகவோ நிற்பாள். கத்தோலிக்கப் பதிவேடுகள் பல இலத்தீனில் இருப்பதால் ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ் ஆகிவிடுவார்.

அமெரிக்காவுக்குப் போனவர்களைத் தேடுவோருக்குத் திருமண அறிவிப்பைவிட வளமான ஒன்று உண்டு. பாஸ்டனிலிருந்து வெளிவந்த பைலட் என்ற கத்தோலிக்க வார இதழ் 1831 முதல் 1921 வரை ‘காணாமற்போன உறவினர்’ என்ற பத்தியை நடத்தியது. தொடர்பு அறுந்த அண்ணனைத் தேடும் தங்கை, வேலை தேடிப் போய்த் திரும்பாத கணவனைத் தேடும் மனைவி ஆகியோர் அதில் கவுண்டி, பங்கு, சில நேரம் டவுன்லாண்டு, கப்பல் ஏறிய ஆண்டு, கடைசியாக இருந்த ஊர் எல்லாவற்றையும் எழுதினார்கள், ஏனென்றால் ஒரே பெயரில் நூறு பேர் இருந்த கூட்டத்தில் ஆளை அடையாளம் காட்ட வேறு வழியில்லை. மனைவி தரும் விளம்பரத்தில் அவளுடைய பிறந்தவீட்டுப் பெயரும் வரும்போது அது ஒரு திருமணப் பதிவாகவே பயன்படுகிறது. பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தரவுதளமாக்கி வைத்திருக்கிறது. மணவிழாவுக்குக் காசில்லாத ஏழைகளும் இந்த விளம்பரத்துக்குக் காசு திரட்டினார்கள் என்பதால், திருமணப் பத்தியில் ஒருபோதும் வராத மக்கள் இங்கே வருகிறார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் டேனியல் ஜான்சன் என்பவர் அம்மாகாணச் செய்தித்தாள்களின் பிறப்பு, திருமண, இறப்புச் செய்திகளை 1896 வரை எழுதியெடுத்தார். மாகாண ஆவணக் காப்பகம் அவற்றைக் கட்டணமின்றித் தருகிறது. அர்ஜென்டினாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வெஸ்ட்மீத், லாங்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் மக்கள்; புவெனஸ் அயர்ஸில் 1875இல் தொடங்கிய சதர்ன் கிராஸ் இதழ் அவர்களுடையது.

நம் பக்கத்துக்கும் ஒரு கிளை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையிலும் அரசரின் படையிலும் ஐரிஷ்காரர் ஏராளம். சென்னை, திருச்சிராப்பள்ளி, பெங்களூர் பாளையங்களில் நடந்த அதிகாரிகளின் திருமணங்கள் அயர்லாந்து இதழ்களில் மாதங்கள் கழித்து வெளிவந்தன. 1816 முதல் 1845 வரை இலண்டனில் வெளியான ஏஷியாடிக் ஜர்னலும் மாகாணவாரியாக அவற்றைத் தொகுத்துத் தந்தது. சாதாரணச் சிப்பாய்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள திருச்சபைப் பதிவுப் படிகளில் சென்னை மாகாணத்துக்குரிய வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.

அறிவிப்பு கிடைத்துவிட்டால் அதை எவ்வளவு நம்பலாம்? குறும்புக்காகவும் பழிவாங்கவும் பொய்த் திருமணச் செய்தி கொடுத்தவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். அதனால்தான் அனுப்புபவர் பெயரும் முகவரியும் இல்லாத அறிவிப்பை ஏற்க மாட்டோம் என்று இதழ்கள் அறிவித்தன. அதைவிடப் பரவலானது பெருமைக்காகச் செய்த சிறு மெருகூட்டல். ஊரில் பத்து ஏக்கர் குத்தகைக்காரர் கடல் கடந்ததும் ‘நிலவுடைமையாளர்’ ஆகிவிடுவார். தொழில், தகுதி பற்றிய அடைமொழிகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றை நம்பலாம் என்பது என் கணிப்பு. ஒரே திருமணத்துக்கு இரண்டு ஆலயங்கள் குறிப்பிடப்பட்டிருந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுக்கும் கத்தோலிக்கக் குரு நடத்திவைத்த திருமணம் 1746 முதல் 1870 வரை ஐரிஷ் சட்டப்படி செல்லாது. அதனால் கலப்புத் தம்பதிகள் சிலர் இரு சடங்குகளையும் செய்துகொண்டார்கள்.

ஊர் வட்டாரம் தெரிந்தபின் வேலை அயர்லாந்துப் பதிவேடுகளுக்கு மாறுகிறது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளை ஏறத்தாழ 1880 வரை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் கட்டணமின்றி இணையத்தில் வைத்தது. மணமகளின் பெற்றோர் திருமணத்தைத் தேடும்போது தாயின் பங்கிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் திருமணம் பெண்வீட்டுப் பங்கில் நடப்பதே வழக்கம். மாதமும் உதவும்: தவக்காலத்தில் திருமணம் செய்வதில்லை என்பதால் அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில், குறிப்பாக அதற்கு முந்தைய செவ்வாயன்று, திருமணங்கள் குவிந்திருக்கும், பக்கங்கள் மங்கலாக இருக்கும் பதிவேட்டில் பிப்ரவரியை மட்டும் முதலில் பார்த்துவிட்டால் நேரம் மிச்சம். தந்தையின் பெயர் கிடைத்ததும், 1847க்கும் 1864க்கும் இடையில் வெளியான கிரிஃபித் நில மதிப்பீட்டில் அதே பெயர் எந்த டவுன்லாண்டில் குத்தகைக்காரராக நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். மூன்று டவுன்லாண்டுகளில் ஒரே பெயர் நின்றால், திருமுழுக்கில் ஞானப்பெற்றோராக வந்தவர்களின் பெயர்கள் எந்த டவுன்லாண்டில் அண்டை வீட்டாராக இருக்கின்றன என்று பார்த்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

கேட்டவர் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஹொகிடிகா, கிரேமவுத் இதழ்களில் திருமண நாளுக்குப் பிந்தைய ஆறு வாரங்கள் முதலில். கிடைக்காவிட்டால், நியூசிலாந்து ஆவணக் காப்பகத்தில் 1856 முதல் உள்ள ‘மணம் முடிக்கும் எண்ணம்’ பதிவேடு; அவ்வட்டாரத்தில் எத்தனை காலம் வசித்தார்கள் என்பது அதில் இருக்கும், மணமகள் 21 வயதுக்கு உட்பட்டவளாக இருந்தால் சம்மதம் தந்தவர் பெயரும் இருக்கும். பிறகு, சாட்சிக் கையொப்பமிட்டவர்களின் பெயர்களை மெல்போர்ன் இதழ்களிலும் விக்டோரியத் திருமணப் பதிவுகளிலும் தேட வேண்டும். சாட்சிகள் உடன்பிறப்புகளாகவோ ஒரே ஊர்க்காரர்களாகவோ இருப்பது வழக்கம். திருமணத்துக்கு அறிவிப்பே வெளியிடாத தம்பதியாகவும் அவர்கள் இருக்கலாம். இளமையில் கையில் காசில்லாதவர்கள் முதுமையில் வெளியிட்டிருப்பார்கள்: வெள்ளிவிழா, பொன்விழா அறிவிப்புகள் பழைய திருமணத்தின் நாளையும் ஆலயத்தையும் குருவையும் மறுபடியும் அச்சிடும், மரண அறிவிப்பு பிறந்த ஊரைச் சொல்லும். 1871இல் நடந்த திருமணம் என்றால் 1896, 1921 ஆகிய ஆண்டுகளின் அதே மாத இதழ்களையும், டேப்ளட்டின் இரங்கல் குறிப்புகளையும் பார்க்காமல் தேடலை நிறுத்தாதீர்கள்.